277 பேர் போனார்கள், 14 பேர் மாண்டார்கள்: அந்த 14 பேர் யார்?

வேலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து முதல் உலகப் போர் தொடங்கி கார்கில் வரை பட்டாளத்தில் இறந்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அந்தப் பட்டியல் எந்த அலுவலகத்தில் கிடைக்கும், அதை வைத்து ஊரில் ஒரு நினைவுக்கல் நாட்ட முடியுமா? எண்ணிக்கையைக் கேட்பது போலத் தெரிந்தாலும், கல்லில் என்ன வெட்டுவது என்பதில்தான் அவருடைய மனம் இருக்கிறது. போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை இத்தனை காலம் கழித்தும் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. அதற்குப் பதில் உண்டு. மொத்தம் எத்தனை என்பதற்கு நேர்மையான பதில் கிடையாது. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அது எந்தத் தாளிலிருந்து வந்தது என்று கேளுங்கள்.

படையினரின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீஸில் எழுத்தராக வேலை பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களில் பட்டாளத்தார் வீடுகளுக்குப் போய்ப் பெயர்கள் சேர்த்து வருகிறேன். எனக்குப் பழக்கம் தரைப்படைத் தாள்கள்தான். கடற்படை, விமானப்படைக் காரியங்களுக்கு அந்தந்தப் படையில் இருந்தவர்களைக் கேட்பதே முறை.

முதலில் பட்டியல் விஷயம். மாவட்ட வாரியாக, எல்லாப் போர்களையும் சேர்த்து, ஒரே பட்டியல் எங்கும் இல்லை. 1947 வரை பிரிட்டிஷ் இந்திய ராணுவம். அதில் இறந்தவர்களின் கணக்கு காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்திடம் இருக்கிறது. அதற்குப் பிறகு இறந்தவர்களின் பெயர்கள் டெல்லி தேசியப் போர் நினைவகத்திலும் அவரவர் படைப்பிரிவின் ரெக்கார்டு ஆபீஸிலும் இருக்கின்றன. எங்கேயும் ஆட்களை ஊர் வாரியாக அடுக்கவில்லை. ஊர் வாரியாக அடுக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

அந்த வேலையில் இறங்கியவுடன் இடறும் முதல் கல், மாவட்டத்தின் எல்லை. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1989-இல் திருவண்ணாமலை தனியானது. 2019-இல் வேலூர் மூன்றாக உடைந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிறந்தன. இறந்தவருடைய தாளில் அவர் பட்டாளத்தில் சேர்ந்த காலத்து மாவட்டம்தான் எழுதியிருக்கும். இன்றைய வேலூர் மாவட்டத்தை மட்டும் வைத்துத் தேடினால் ஆரணிக்காரரும் வந்தவாசிக்காரரும் விடுபடுவார்கள். பழைய வட ஆற்காட்டை வைத்துத் தேடினால் நான்கு கலெக்டர் அலுவலகங்களின் கதவைத் தட்ட வேண்டும். என் யோசனை, மாவட்டத்தை விட்டுவிட்டு வருவாய்க் கிராமத்தை அலகாக வைத்துக்கொள்ளுங்கள். கிராமம் எந்த மாவட்டத்துக்கு மாறினாலும் கிராமம் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்தது, யாரைக் கணக்கில் எடுப்பது? இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. கல்லறைகள் ஆணையத்தின் விதி தேதியை வைத்தது: 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த நாட்களுக்குள் பணியில் இருக்கும்போது இறந்தவர், குண்டடி பட்டு இறந்தாலும் பெங்களூர் ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் இறந்தாலும், போரில் மாண்டவர்தான். டெல்லி நினைவகத்தின் விதி வேறு; அங்கே ராணுவ நடவடிக்கையில் உயிர் விட்டவர்களுக்கே இடம். ஆக, 1918-இல் காலராவில் போனவர் பட்டியலில் இருப்பார். 1966-இல் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து இறந்தவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். இன்னொரு சிக்கல் மத்திய ரிசர்வ் போலீஸும் எல்லைப் பாதுகாப்புப் படையும். ஊரைப் பொறுத்தவரை அவர்களும் மிலிட்டரிதான். சட்டப்படி உள்துறையின் கீழ் வருகிற படைகள். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் இறந்த 40 பேரும் ரிசர்வ் போலீஸார். அந்தப் படைகளில் இறப்பவர்களுக்கான இடம் 2018-இல் டெல்லி சாணக்கியபுரியில் திறந்த தேசியக் காவலர் நினைவகம். ஊர்க் கல்லில் அவர்களை விடக் கூடாது என்பது என் கட்சி. ஆனால் அதை ஊர் முதலிலேயே உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ஒரு குடும்பம் வந்து கேட்ட பிறகு விதி எழுதினால் அது விதியாக இருக்காது, சண்டையாகத்தான் இருக்கும்.

இனி தலைப்பில் உள்ள எண்களுக்கு வருவோம். வேலூர் லாங் பஜாரை ஒட்டி நிற்கும் மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் இருக்கிறது: இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914–18 மாபெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் நீத்தார்கள் என்று. வேலூரைக் கிராமம் என்று சொல்வதிலேயே தெரிகிறது, அது ஊருக்கென்று யோசித்து எழுதிய வாசகம் இல்லை என்பது. அதே சொற்கள், எண்ணை மட்டும் மாற்றி, பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை எத்தனையோ ஊர்களில் பளிங்குப் பலகைகளில் இருக்கின்றன. அச்சுப் படிவத்தில் காலியிடத்தை நிரப்புவது போல எண்ணை நிரப்பியிருக்கிறார்கள். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் செத்தார்கள். எவர் பெயரும் கிடையாது.

இதே மண்ணில் சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் வேறு வழக்கம் இருந்தது. பழைய வட ஆற்காட்டின் செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகுந்த பகுதி. அந்தக் கற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்ச் சண்டை, யாருடைய சேவகன், என்ன பெயர், எப்படிப் பட்டான் என்று எல்லாம் வெட்டியிருக்கும். எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். பல்லவன் மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆண்டில், எருமைகளைக் காக்கப் போராடிப் பட்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயின் உருவமும் கல்லில் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதும் எழுதியிருக்கிறது. எருமை காத்தவனுக்கும் அவன் நாய்க்கும் பெயர் எழுதிய மாவட்டத்தில், முதல் உலகப் போருக்குப் பின் வந்த பலகை ஆட்களை எண்ணி மட்டும் போட்டது. நீங்கள் வைக்கப்போகும் கல் இந்த இரண்டில் எந்த வழிக்கு வாரிசு என்பதைத்தான் முடிவு செய்யப்போகிறீர்கள். எண்ணிக்கையைத் தேடாதீர்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

1914-க்கு முந்தியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்து மாண்ட சிப்பாய்களுக்கு மக்கான் சந்திப்பில் நினைவுத் தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் மாலை போடுகிறார்கள். விசாரணைத் தாள்களில் சிலருடைய பெயர்கள் உண்டு. மற்றவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே போனார்கள். சொந்த ஊர் இன்னது என்று உறுதியாகச் சொல்லக் கூடியவர்கள் அவர்களிலும் குறைவு. இந்தக் காலத்துக்குள் போய்ச் சிக்கிக்கொள்ள வேண்டாம்; 1914-இலிருந்து தொடங்குங்கள்.

முதல் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 74 ஆயிரம் பேர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மதராஸ் மாகாணத்துக்காரர்கள் பாலம், பாதை போடும் சாப்பர்ஸ், பயனியர் படைகளிலும் கர்நாட்டிக் காலாட்படையிலும் இருந்தார்கள். 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த தோல்விச் சண்டையில் 63-ஆவது பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61-ஆவது பயனியரும் இருந்தன. பெருந்தொகையாகச் செத்தது மெசபடோமியாவில். அங்கே இறந்து கல்லறை தெரியாமல் போனவர்களுக்குப் பஸ்ராவில் நினைவகம் எழுப்பினார்கள். அதன் சுவர்களில் பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவர் பெயரும் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயரும் உண்டு. 33 ஆயிரம் அளவிலான இந்தியச் சிப்பாய்களுக்கும் கீழ்நிலைப் பணியாளர்களுக்கும் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டும்தான். இங்கே மணிக்கூண்டில் செய்ததையே அங்கேயும் செய்தார்கள். 1997-இல் சதாம் உசேன் ஆட்சி அந்த நினைவகத்தைப் பெயர்த்து நசிரியா சாலையில் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தது வேறு கதை. 2021-இல் கல்லறைகள் ஆணையமே ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கையை வெளியிட்டது: ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் 45 ஆயிரம் முதல் 54 ஆயிரம் பேர் சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள்; குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரோடு நினைவுகூரப்படவே இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். கணக்கை வைத்திருந்தவர்களுக்கே அவ்வளவு தெரியவில்லை.

இருந்தாலும் சுவரில் இல்லாத பெயர்கள் பல பதிவேட்டில் இருந்தன. அவை இப்போது ஆணையத்தின் இணையப் பட்டியலில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடும்போது எழுத்துக்கூட்டல்தான் கழுத்தை அறுக்கும். முனுசாமி என்ற ஒரே பெயரை வெள்ளைக்கார எழுத்தர்கள் ஐந்தாறு விதமாக எழுதியிருப்பார்கள். கோவிந்தசாமிக்கும் அதே கதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் சொந்தப் பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டிருப்பார்கள். ஆகவே பெயரை வைத்து மட்டும் தேடாதீர்கள். படைப்பிரிவைத் தேர்ந்துகொண்டு, கூடுதல் விவரக் கட்டத்தில் ஆற்காடு, குடியாத்தம், வாலாஜாபேட்டை, போளூர் என்று ஊர்ப் பெயர்களைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். முதல் உலகப் போர்ப் பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் சிலருக்கு இருக்கும், பலருக்கு இருக்காது. அங்கே நின்றுவிட வேண்டியதுதான். ஒரே பெயருள்ள இன்னொருவரைத் தூக்கி நம் ஊர்க்காரர் என்று ஒட்டிவிடக் கூடாது.

வீடுகளில் கிடைக்கும் சான்றுகள் இதைவிட உறுதியானவை. முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வார் மெடலின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அதில் வெட்டியிருக்கும். வெள்ளி மெடல் என்றால் போர்ப்படை. அதே மெடல் வெண்கலத்தில் இருந்தால் அவர் தொழிலாளர் படையில் போனவர். இறந்தவரின் வீட்டுக்கு உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு வெண்கலத் தட்டும் அனுப்பினார்கள். அதில் பதவி கிடையாது, பெயர் மட்டும் உண்டு. பல வீடுகளில் அது பழைய பாத்திரக் கடைக்குப் போய்விட்டது. கஞ்சிக்கு இல்லாத காலத்தில் விற்றதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. தொழிலாளர் படையில் போன சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், மாட்டுக்காரர் இவர்களைப் பட்டாளத்தான் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். கல்லறைகள் ஆணையமே அவர்களைச் சேர்த்துத்தான் எண்ணுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பலருக்கு இது பிடிக்காது. மதராஸ் சாப்பர்ஸிலும் பயனியர் படைகளிலும் பறையர் சமூகத்தார் பெருமளவில் இருந்தார்கள். ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். கர்நாட்டிக் காலாட்படையில் முஸ்லிம்கள் ஒரு தனிப் பிரிவாகவே சேர்க்கப்பட்டார்கள். நினைவுப் பலகை ஊருக்குள் இருக்கும். பலகையில் எண்ணாக மாறியவர்களின் வீடு காலனியில் இருக்கும். ஊருக்குள் நான்கு பெரியவர்களைக் கேட்டு, "எங்க ஊரிலே அந்தக் காலத்திலே யாரும் போகலீங்க" என்று அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு திரும்பி வந்த ஆர்வலர்கள் உண்டு. காலனியில் போய்க் கேளுங்கள், தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டையும் பள்ளிவாசல் பெரியவர்களையும் கேளுங்கள். 1920-களில் மதராஸ் காலாட்படையைச் சிக்கனம் என்று சொல்லிக் கலைத்தார்கள். 1933-இல் பயனியர்களையும் கலைத்தார்கள். தாத்தா பட்டாளத்தில் இருந்தும் மகனுக்கு இடம் கிடைக்காமல் போன குடும்பங்களில் நினைவு ஒரு தலைமுறை அறுந்து கிடக்கிறது. அந்த இடத்தில் பொறுமை வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் வேலை ஓரளவு எளிது. சுமார் 25 லட்சம் பேர் பட்டாளத்தில் இருந்தார்கள், ஏறத்தாழ 87 ஆயிரம் பேர் இறந்தார்கள். ஆணையத்தின் பதிவுகளில் இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவன், வட ஆற்காட்டில் இன்ன ஊர் என்று பலருக்கு முழு விவரம் இருக்கிறது. பர்மாவில் இறந்து கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் ரங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் தூண்களில் இருக்கின்றன. அங்கே மொத்தம் ஏறத்தாழ 27 ஆயிரம் பெயர்கள். மலேயாவிலும் சிறைமுகாம்களிலும் இறந்தவர்களுக்குச் சிங்கப்பூர் கிராஞ்சி. இந்தியாவுக்குள்ளேயே, போர்முனைக்கு வெளியே இறந்த 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெல்லி–கராச்சி நினைவகப் பட்டியலில் இருக்கிறார்கள். நம் ஊர்ப் பெயர்கள் அங்கேதான் நிறைய அகப்படும். ஆனால் சென்னை நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தமிழ்ப் பெயர் குறைவு என்று முடிவு கட்டுகிறவர்கள் இந்தப் பட்டியலைத் திறந்தே பார்ப்பதில்லை. இந்துச் சிப்பாய்களை எரித்தார்கள், அவர்களுக்குக் கல்லறை ஏது?

இந்தக் காலத்தில் சந்தேகத்துக்கு இடமானவர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்கள். சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்ட சிப்பாய்களில் பலர் நேதாஜியின் படைக்குப் போனார்கள். அப்படிப் போய் இறந்தவர் பெயர் பிரிட்டிஷ் தரப்புப் பட்டியலில் பொதுவாக வராது; படைப்பிரிவுத் தாளில் காணாமல் போனவர் என்றோ வேறு விதமாகவோ முடிந்திருக்கும். குடும்பத்தாரின் வாய்மொழிதான் மிச்சம். நான் அவர்களைத் தனிக் குறிப்போடு சேர்த்துக்கொள்கிறேன். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் செத்த மலேயாத் தோட்டத் தொழிலாளர்களில் வட ஆற்காட்டு ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் படையினர் அல்லர், அவர்களுக்கு வேறு கல் வேண்டும், அதுவும் அவசியம் வேண்டும்.

1947-க்குப் பிறகு ஒரு மயக்கம் உண்டு. சுதந்திர நாட்டின் தாள்கள் ஆயிற்றே, எல்லாம் ஒழுங்காக இருக்கும் என்று நினைப்போம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்த தேசியப் போர் நினைவகத்தில் ஏறத்தாழ 26 ஆயிரம் பெயர்கள் கருங்கல்லில் பொன்னெழுத்தில் இருக்கின்றன. காஷ்மீர், 1962, 1965, 1971, இலங்கை, கார்கில் எல்லாம் அதில் அடக்கம். அங்கே பெயர் இருந்தால் அது உறுதி. இல்லாவிட்டால் குடும்பம் பொய் சொல்கிறது என்று பொருளில்லை. நான் முன்பு சொன்ன விதிதான் காரணமாக இருக்கும். அடுத்த கதவு ரெக்கார்டு ஆபீஸ். மதராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் இன்ஜினியர் குழுவுக்கு பெங்களூர் என்று பலருக்கும் தெரியும். ஆனால் நம் ஆட்கள் பீரங்கிப் படையில் இருந்தால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், மருத்துவப் படை என்றால் லக்னோ. தமிழன் என்றால் மதராஸ் ரெஜிமெண்ட் என்று நினைத்து வெலிங்டனுக்குக் கடிதம் போட்டு, பதில் வரவில்லை என்று வருத்தப்படுவது வழக்கமாகிவிட்டது. பழைய பணிக் கோப்புகளை ஒரு கெடுவுக்குப் பின் அழிப்பது ராணுவ விதிப்படி நடப்பதுதான். பலவற்றுக்கு அந்தக் கெடு 25 ஆண்டு. லாங் ரோல் என்று ஒரு பெரிய பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும். ஆகவே கோப்பைக் கேட்காதீர்கள். எண், பெயர், தந்தை பெயர் கொடுத்து லாங் ரோலில் இருக்கும் பதிவைக் கேளுங்கள், அதையும் குடும்பத்தார் கையெழுத்தோடு கேளுங்கள். மூன்றாவது ஆளுக்கு அவர்கள் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காமல் இருப்பது சரியும்கூட. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போரில் கணவனை இழந்தவர்களின் பதிவு இருக்கும். அங்கே அந்த அம்மாளின் பெயரை வைத்துத்தான் தேட முடியும், இறந்தவர் பெயரை வைத்து அல்ல.

1962-ஐ மட்டும் தனியாகக் கவனியுங்கள். சீனப் போரில் இறந்தவர்கள் 1,383, காணாமல் போனவர்கள் 1,696 என்பது அரசுக் கணக்கு. இறந்தவரைவிடக் காணாமல் போனவர் அதிகம். காணாமல் போனவரை ஏழாண்டு கழித்து இறந்தவராகக் கருதலாம் என்பது அப்போதைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு. அதனால் வீட்டில் ஒரு தேதிக்குத் திதி கொடுப்பார்கள், தாளில் வேறு தேதி இருக்கும். இரண்டையும் எழுதி வையுங்கள்.

கார்கில்தான் பெரிய மாற்றம். 1999-க்கு முன்னால் போர்முனையில் இறந்தவரைப் பெரும்பாலும் அங்கேயே எரித்தார்கள் அல்லது புதைத்தார்கள். வீட்டுக்குத் தந்தி வரும், பிறகு பெட்டியும் துணிமணியும் வரும். கார்கிலில் இறந்த 527 பேர் காலத்திலிருந்துதான் உடலை விமானத்தில் கொண்டுவந்து சொந்த ஊரில் ஒப்படைப்பது வழக்கமானது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டி, துப்பாக்கி மரியாதை, கலெக்டர், அமைச்சர், ஊரே சுடுகாட்டில். அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்கோ தெருவுக்கோ அவர் பெயர். இதனால் ஓர் ஏற்றத்தாழ்வு உண்டாகிவிட்டது. ராணுவக் கிராமம் என்று பத்திரிகைகள் எழுதும் கம்மவான்பேட்டை போன்ற, வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் உள்ள ஊர்களை விடுங்கள். மற்ற ஊர்களில் கார்கிலுக்குப் பிந்தியவர் சிலையாக நிற்பார். 1965-இல் போனவர் பெயர் அவருடைய தங்கச்சிக்கு மட்டும் தெரியும். அந்தத் தங்கச்சிகளுக்கு இப்போது எண்பது வயது. எங்கே தொடங்குவது என்று கேட்டால், அவர்கள் வீட்டில் தொடங்குங்கள் என்பேன். இணையப் பட்டியல் அடுத்த ஆண்டும் இருக்கும்.

இலங்கைக்குப் போனவர்களை என்ன செய்வது என்று கேள்வியில் இல்லை. கல் வைக்கும் நாளில் வரும். 1987 ஜூலை முதல் 1990 மார்ச் வரை அங்கே இருந்த இந்திய அமைதிப்படையில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். அதே படை யாழ்ப்பாணத்தில் 1987 அக்டோபரில் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் சுட்டதும் நடந்தது. படை திரும்பியபோது வரவேற்கப் போக மாட்டேன் என்று முதலமைச்சர் கருணாநிதி மறுத்தார்; தமிழ்நாட்டில் அதை நியாயம் என்றவர்களும் உண்டு, மன்னிக்காதவர்களும் உண்டு. கொழும்பிலும் பலாலியிலும் அந்த வீரர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. இங்கே ஊரில் வைக்கத் தயங்குகிறோம். போனவன் கொள்கை கேட்டுப் போகவில்லை, யூனிட் போனது, அவனும் போனான். நான் சேர்க்கச் சொல்வேன்: பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், இலங்கை. அதற்கு மேல் ஓர் அடைமொழியும் வேண்டாம். அடைமொழி வேண்டாம் என்பதை 1914-காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். அவர்களில் பலர் பதினோரு ரூபாய் சம்பளத்துக்குப் போனவர்கள். தாய்நாட்டுக்காக என்று நாமாக எழுதினால் அது அவர்கள் வாயில் நாம் வைக்கும் சொல்.

சேர்த்த பெயர்களை மூன்று கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தாளிலோ மெடலிலோ பெயரும் ஊரும் சேர்ந்து இருப்பவை முதல் கட்டு. தாளில் பெயர் உண்டு, ஊர் இல்லை, ஆனால் குடும்பம் உரிமை கொண்டாடுகிறது என்பவை இரண்டாவது. வாய்மொழி மட்டும் உள்ளவை மூன்றாவது. குடும்பங்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் போர்களைக் கலந்துவிடுவார்கள். ஜெர்மன் சண்டை என்று ஒரு பாட்டி சொல்வது 1916-ஆகவும் இருக்கும், 1942-ஆகவும் இருக்கும். அவருடைய கணவர் வயதைக் கேட்டால் தெரிந்துவிடும். முதல் கட்டைக் கல்லில் வெட்டலாம். மற்ற இரண்டையும் ஒரு நோட்டில் எழுதி ஊராட்சி அலுவலகத்திலோ பள்ளியிலோ வையுங்கள். தாள் கிடைக்கும் நாளில் கல்லுக்கு மாறட்டும்.

கல்லைப் பற்றி என் அபிப்பிராயம் சுருக்கமானது. எழுத்து தமிழில் இருக்கட்டும். பதவி வரிசை வேண்டாம். இறந்த தேதி வரிசையில் சுபேதாரும் சிப்பாயும் தண்ணீர் சுமந்தவரும் கலந்து வரட்டும். சாதிப் பெயரை எழுதாதீர்கள், அது தாளில் இருந்தாலும். அடியில் இடம் விடுங்கள், தவறாமல். கல் வெட்டுவதற்கு முன்பு பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள், அடுத்து வரும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 இவற்றில் எந்தக் கிராம சபை முதலில் வருகிறதோ அதில் உரக்கப் படியுங்கள். யாராவது எழுந்து "எங்க பெரியப்பா பேர் இல்லையே" என்பார். அவருக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து, தந்தை பெயர், எந்தச் சண்டை, வீட்டில் மெடல் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல் தச்சருக்கு முன்பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.